எட்டு மடையும் ஒரு மடையனும்

எங்கள் வீட்டு மாடிப்படி முடிகிற இடத்தில், பென்னிகுவிக் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. பெரிய சைஸ் டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். முகத்தில் எட்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு பச்சை விளக்கு. அதன் பெயர் ஸ்விட்ச், கம்ப்யூட்டர்களை ஒயரால் ஒன்றாகக் கோர்க்கிற பெட்டி. வினை அந்தப் பெயரிலேயே ஆரம்பித்துவிட்டது. "ஸ்விட்ச் ரொம்பச் சூடாகுது, கொஞ்சம் பாத்துக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் சின்னமனூரில் கல்யாணம் எடுக்கப் போயிருந்தேன். ராத்திரி வந்து பார்த்தால், ஹாலில் ஃபேன் ஸ்விட்ச் புதுசாக மின்னுகிறது. எலக்ட்ரீசியனுக்கு 250 ரூபாய் கொடுத்ததை என் கணக்கில் எழுதி வைத்திருந்தாள்.

நான் கம்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். கீழே குடித்தனம், மேலே ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்பது நான் சொல்வது. அப்பா இன்னும் "நெல்லுப் போடுற ரூமு" என்றுதான் சொல்வார். ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா, ஒரு ட்ரோன். நிச்சயத்திலிருந்து மறுவீடு வரை எடுத்து முடித்தால் 400 ஜிபி சேர்ந்துவிடும். ஒரு காலத்தில் இதையெல்லாம் ஹார்டு டிஸ்க்குகளில் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். டிஸ்க் பெருகப் பெருக புடவைகள் இடம் கேட்டன. எங்கள் வீட்டில் புடவை ஒன்றைக் கேட்டால் அது தீர்ப்பு. அதனால் நாலு டிஸ்க் போடுகிற ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கி, எடிட்டிங் கம்ப்யூட்டர் இரண்டு, வாசல் கேமராவின் ரெக்கார்டர், கீழே ஹால் டிவி, பையனின் பழைய லேப்டாப், வைஃபை என்று எல்லா ஒயரையும் அந்த எட்டு ஓட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். ஏழு நிறைந்தது, ஒன்று மிச்சம். அந்த ஒன்றை அன்றைக்கே சிமென்ட் வைத்து அடைத்திருக்க வேண்டும்.

முதல் அடி டிவியில் விழுந்தது. ஒரு பெண் வீட்டுப் பெரியப்பா பாக்கிப் பணம் 15,000 கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனுசர். காபி கொடுத்து உட்கார வைத்தோம். பையன் சும்மா இல்லாமல் டிவியைப் போட்டான். ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இருக்கிற படத்தையெல்லாம் வீட்டில் உள்ள டிவிகளுக்கெல்லாம் தானாகவே பந்தி வைக்கிற ஒரு வசதி உண்டாம். அதை நான் நிறுத்தவே இல்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே? டிவியில் அந்த வீட்டுக் கல்யாணம், வெட்டாமல் ஒட்டாமல், பச்சையாக ஓடுகிறது. அதில் இதே பெரியப்பா, கழற்ற மறந்துபோன காலர் மைக்கோடு பந்தியில் நின்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிறார்: "இந்த வீடியோக்காரனுக்கு எதுக்குய்யா இம்புட்டுக் காசு? என் பேரன் செல்லுலயே எடுத்துருவான்." பையன் ரிமோட்டைத் தேடுகிற பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டான். ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு பெரியப்பா காபியை முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "கேட்டுட்டீக. சரி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் தம்பி" என்று 10,000 மட்டும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரியே அக்கா மகனுக்குப் போன் போட்டேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாண ஆல்பத்தை ஓசியில் போட்டுக் கொடுத்த கடனுக்கு நான் கூப்பிட்டால் எடுப்பான். "மாமா, டப்பாவைப் பங்காளிச் சொத்து மாதிரி எல்லாருக்கும் திறந்து போட்டுருக்கீங்க. ஐஸ்கஸி போடுங்க" என்றான். என் மனைவி அடுக்களையிலிருந்து, "காசிக்கா? எப்போ?" என்றாள்.

ஐஸ்கஸி என்பது காசி அல்ல. 2004-ல் உலகத்துக்குப் பொதுவாக எழுதி வெளியிட்ட ஒரு விதிமுறை. எங்கோ தூரத்தில் இருக்கிற டிஸ்க்கை, ஈதர்நெட் ஒயர் வழியாகவே, "நான் உன் வயிற்றுக்குள்தான் இருக்கிறேன்" என்று கம்ப்யூட்டரை நம்ப வைப்பது. கம்ப்யூட்டரும் நம்பிவிடும். டிவிக்கு அது கண்ணிலேயே படாது. எனக்குப் பிடித்துப்போனது. ஒரு கம்ப்யூட்டரில் போட்டேன், ஓடியது. எனக்கும் உதவியாளத் தம்பிக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருக்கும்போது எதற்கு வஞ்சகம் என்று இரண்டாவதிலும் அதே டிஸ்க்கைச் சேர்த்தேன். சேர்க்கும்போது ஸ்டோரேஜ் பெட்டி ஒரு எச்சரிக்கை காட்டியது, டிக் அடிக்கச் சொன்னது. டிக் அடிப்பதில் நான் மன்னன்.

ஒரே வயலுக்கு இரண்டு பேரிடம் பட்டா இருந்தால் என்ன நடக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். இவன் நட்ட இடத்தில் அவன் உழுவான். அவன் வரப்பை இவன் வெட்டுவான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் ஒருத்தன்தான் சொந்தக்காரன் என்று நினைத்து, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்குப் புத்தகத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள், முகூர்த்தம் என்று பெயர் போட்டிருந்த ஃபைலைத் திறந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம், கெட்டிமேளம்... அடுத்த நொடி திரையில் கூடலூரில் எடுத்த ஒரு காதுகுத்து. குழந்தை வீரிட்டு அழுகிறது. நானும் அழுதேன். நல்லவேளை, கேமரா கார்டுகளை அழித்து வைக்கச் சொல்லி மனைவி ஒரு வாரமாகச் சொல்லியும் நான் செய்யாமல் விட்டிருந்தேன். என் வாழ்க்கையில் சோம்பேறித்தனம் சம்பாதித்துக் கொடுத்த ஒரே கல்யாணம் அது.

டிஸ்க்கை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து, யாருக்கு எது என்று பெயர் எழுதி, வாசலில் சாப் என்கிற கடவுச்சொல்லும் வைக்கச் சொன்னான் அக்கா மகன். விண்டோஸ் அதற்கு 12 எழுத்துக்குக் குறையாமல், 16-க்கு மிகாமல் கேட்கும். மூளையைக் கசக்கி யாராலும் ஊகிக்க முடியாத 14 எழுத்தை உண்டாக்கினேன். மறுநாள் என்னாலும் ஊகிக்க முடியவில்லை. கீழே போய் முழித்தபோது, "இதானே?" என்று மனைவி பால் கணக்கு நோட்டைக் காட்டினாள். நான் முணுமுணுத்ததைக் கேட்டு, மறந்துபோவேன் என்று தெரிந்து, 14-ஆம் தேதிக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறாள். பால்காரர் தினம் கையெழுத்துப் போடுகிற நோட்டு அது. சாப் என்பதும் வாசலில் நின்று "நீ யார்?" என்று கேட்பதோடு சரி. உள்ளே போகிற சாமானைப் போர்த்தி மூடாது, ஒயரில் காது வைக்கத் தெரிந்தவன் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று அக்கா மகன் பிற்பாடு சொன்னான். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த 14 எழுத்தாவது மிச்சம்.

அடுத்தது வேக ஆசை. ஈதர்நெட்டில் ஒரு மூட்டைக்கு 1,500 பைட் என்பது பழைய கணக்கு. ஸ்டோரேஜ் வேலைக்கு 9,000 வரை பெரிய மூட்டையாகக் கட்டலாம், ஜம்போ என்று பெயர். சின்னச் சின்னப் பையாக ஆறு நடை போவதற்குப் பதில் ஒரே சாக்கு. இந்த முனையில் 9,000, அந்த முனையில் 9,000 என்று மாற்றிவிட்டேன். நடுவில் தொங்குகிற பெட்டியிடம் யாரும் கேட்கவில்லை. நான் அப்போது வைத்திருந்தது விலை குறைந்த பெட்டி. அதற்கு ஜம்போவே ஆகாது. ஆகாது என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்யாது. பெரிய மூட்டை வந்தால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். "இருக்கியா?" என்று சின்னதாகக் கேட்டால் ஸ்டோரேஜ் பெட்டி உடனே "இருக்கேன்" என்கிறது. ஒரு வீடியோவைக் கேட்டால் மூச்சே இல்லை. இப்படி ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா எனக்கு உண்டு. நலம் விசாரித்தால் வாய் நிறையப் பேசுவார், கைமாற்றுக் கேட்டால் லைன் கட்டாகிவிடும். அந்தச் சித்தப்பாவை ஒரே நாளில் புரிந்துகொண்ட எனக்கு இந்தப் பெட்டியைப் புரிந்துகொள்ள எட்டு நாள் ஆனது.

பழையபடி 1,500-க்கே திரும்பி, மூச்சு விட்டபோது ஆடி பிறந்தது. பெரிய மாமா வந்தார்.

பெரிய மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டயர்டு வாத்தியார். எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் சாய்ந்து தொங்குகிற காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அன்றைக்கு ஆடிக் காற்று மாடிக் கதவைப் போட்டு அடிக்க, அதைச் சாத்தப் போனவர் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறார். பையன் தேனி ஹாஸ்டலுக்கு லேப்டாப்போடு போய்விட்டதால் அவன் ஒயரின் ஒரு முனை பெட்டியில் இருக்கிறது, மறுமுனை அநாதையாகத் தொங்குகிறது. பக்கத்திலேயே ஒரு ஓட்டை காலி. நீங்களே சொல்லுங்கள், ஒழுங்கான ஒரு மனுசன் என்ன செய்வார்?

ஒயர் கிளம்பின பெட்டிக்கே திரும்பி வந்தால் அது வட்டம். பெட்டிக்குள் யாராவது "இந்த முகவரி யாரோடதுப்பா?" என்று ஊருக்கெல்லாம் பொதுவாகக் கூவுவது வழக்கம். வட்டம் விழுந்துவிட்டால் அந்தக் கூவல் ஒரு முனையில் வெளியே போய் மறுமுனையில் உள்ளே வந்து, இன்னொரு தரம் கூவி, அது இரண்டாகி, நாலாகி, எங்கள் தெருவில் ஒரு வதந்தி சுற்றுகிற மாதிரி ஓய்வில்லாமல் சுற்றும். எட்டு விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி ஒன்றாக மின்னின. "பாத்தியா, இப்பத்தான் எல்லா லைட்டும் எரியுது" என்றார் மாமா திருப்தியாக. அந்தத் திருப்தியோடு அவர் பஸ் ஏறிப் போனார். இரண்டு நாள் ஒரு வீடியோ நகரவில்லை. நான் மோடத்தை மாற்றினேன், இன்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்டினேன், கம்ப்யூட்டரைக் கழற்றித் தூசி தட்டினேன், குச்சனூர் போய் சனீஸ்வரனுக்கு எள் விளக்கும் போட்டேன். மூன்றாம் நாள் ஒட்டடை அடிக்க மாடிக்கு வந்த மனைவி, "இந்த ஒயரு என்னங்க போன வழியே திரும்பி வருது?" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுகூட இல்லை.

இந்த வட்டத்தை அறுக்கிற வித்தையை 1985-லேயே ரேடியா பெர்ல்மன் என்கிற அம்மா கண்டுபிடித்து, அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதி வைத்துவிட்டார். சுற்றுவழி இருந்தால் அதில் ஒன்றைப் பெட்டியே அடைத்துவிடும். என் பெட்டிக்கு அந்த வித்தையும் கிடையாது, கவிதையும் கிடையாது. கொஞ்சம் கூடப் பணம் போட்டு, சொன்னால் கேட்கிற பெட்டி ஒன்று வாங்கினேன். இதற்குள் ஒரு பக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் திறந்து, எந்த ஓட்டைக்கு எது என்று உத்தரவு போடலாம். உத்தரவு போடுகிற வாய்ப்பு எனக்கு எங்கள் வீட்டில் வேறெங்கும் கிடைப்பதில்லை, அதனால் ஆசை ஆசையாக உட்கார்ந்தேன்.

"ஸ்டோரேஜைத் தனி வி-லான்ல போடுங்க மாமா" என்பதுதான் அக்கா மகனின் கட்டளை. "வில்லனா? அதான் நீயே இருக்கியேப்பா" என்றார் அப்பா. வி-லான் என்பது பாகப்பிரிவினை. ஒரே பெட்டி, ஒரே ஒயர், ஆனால் உள்ளே சுவர் எழுப்பி இரண்டு குடும்பமாக்குவது. 1998-ல் வந்த ஏற்பாடு. ஒவ்வொரு மூட்டையிலும் 4 பைட் சீட்டு ஒட்டிவிடுவார்கள், அந்தச் சீட்டைப் பார்த்து எந்தப் பாகம் என்று பெட்டி கண்டுகொள்ளும். 4,094 பாகம் வரை பிரிக்கலாமாம். எங்கள் தாத்தா சொத்தைப் பிரித்தபோது நாலு பாகத்துக்கே ஏழு வருசம் கோர்ட்டுக்கு அலைந்தோம்.

ஸ்டோரேஜும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பாகம், 20 என்று நம்பர் கொடுத்தேன். டிவி, ரெக்கார்டர், வைஃபை எல்லாம் 30. எதையும் அரைகுறையாக விடக்கூடாது என்று, மிச்சமிருந்த ஓட்டைகளையும் அதிலேயே தள்ளி, எட்டையும் பிரித்து முடித்து, சேமி என்று அழுத்தினேன். பக்கம் மறைந்தது. மறுபடி திறந்தேன், வரவில்லை. மற்ற கம்ப்யூட்டரிலிருந்து திறந்தேன், வரவில்லை. விஷயம் என்னவென்றால், உத்தரவு போடுகிற அந்தப் பக்கம் இருந்தது ஆரம்பத்திலிருந்தே இருக்கிற 1-ஆம் நம்பர் பாகத்தில். நானோ எட்டு வாசலையும் 1-லிருந்து பிடுங்கி மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சொத்தைப் பிரிக்க உட்கார்ந்தவன் தனக்கு ஒரு திண்ணைகூட வைத்துக்கொள்ளவில்லை.

பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். அதைக் குத்தி அழுத்திப் பிடித்தால் எல்லாம் மறந்து பிறந்த குழந்தை ஆகிவிடும். குத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. "ஏம்மா, ஒரு ஊக்கு குடு" என்றேன். புடவை மடிப்பிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தி எடுத்தேன். பெட்டி செத்துப் பிழைத்தது, ஆனால் எதையும் மறக்கவில்லை. பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். மறுபடி பாகம் பிரித்தேன், மறுபடி வெளியே நின்றேன், மறுபடி ஊக்கு. அந்த வாரத்தில் மூன்று தடவை. மூன்றாம் தடவை நான் வாயே திறக்கவில்லை. படியேறி வரும்போதே ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அப்பாவும் மேலே வந்து உட்கார்ந்தார். உத்தமபாளையம் பக்கம் ஒரு ஏக்கருக்கு ஆயுசு முழுக்கத் தண்ணி பாய்ச்சினவர். "என்னதான்யா பிரச்சினை, தமிழ்ல சொல்லு" என்றார். டிவியும் கேமராவும் வைஃபையும் ஒரு பக்கம் இழுக்குது, ஸ்டோரேஜுக்குத் தடங்கல் இல்லாமல் போகணும், நடுவுல மூட்டை விழுந்தா அது திணறிப்போகும், எல்லாத்துக்கும் இருக்கிறது ஒரே பெட்டி என்றேன். அப்பா பென்னிகுவிக் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு பார்வைக்கும் நடுவில் இருந்த தூரம் எனக்குப் புரிந்தது. மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றை 1895-ல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பின மனுசர் அவர்.

"தண்ணி இருக்குற வருசம் ஜூன் 1-ஆம் தேதி தேக்கடியில ஷட்டரத் தூக்குறாக. நொடிக்கு 300 கன அடி. அதுல 200 வயலுக்கு, 100 குடிக்க. 14,707 ஏக்கரு, உத்தமபாளையம் தாலுகா, போடி தாலுகா, தேனி தாலுகான்னு பாயுது. எல்லாம் ஒரே குகைக்குள்ள வர்ற தண்ணிதான். அதுக்காக, வயக்காடு காஞ்சிருச்சுன்னு குடிக்கிற நூறுல எவனாச்சும் கைய வைக்க முடியுமா? முதல்ல அந்த நூறை எழுதி வையி. மிச்சத்துக்கு அடிச்சுக்கிறட்டும்."

அக்கா மகன் மூன்று மாதமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டோரேஜ் பாகத்துக்கு முன்னுரிமை வரிசை. நெரிசல் வந்தால் அதன் மூட்டை முதலில், டிவி காத்திருக்கட்டும். உத்தரவு போடுகிற பக்கத்துக்கு ஒரு வாசல் எப்போதும் எனக்கென்று தனியாக. இன்னொரு சேதியும் கொடுத்தார் அப்பா, அவருக்கே தெரியாமல். "கடைமடைக்காரன் ஒருத்தன் போதும்னு கத்துனா தலைமடையவே அடைச்சா எப்படி?" என்றார். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பையனின் லேப்டாப், நூறு மெகாபிட்டுக்கு மேல் விழுங்க முடியாத கிழம். அதையும் ஸ்டோரேஜ் பாகத்திலேயே சேர்த்து வைத்திருந்தேன். அது படம் இழுக்கும்போது திணறி, பெட்டி அதற்காக ஸ்டோரேஜைப் பார்த்து "நில்லு" என்று சொல்ல, ஸ்டோரேஜ் எல்லாருக்குமே நின்றுகொண்டிருந்தது. 1997-ல் வந்த பழைய விதி அது, நில்லென்றால் ஒட்டுமொத்தமாக நில்லு. யாருக்கு மட்டும் நிற்பது என்று எட்டு வகையாகப் பிரித்துச் சொல்கிற விதி 2011-ல் வந்துவிட்டது. பெரிய பெரிய டேட்டா சென்டர்ப் பெட்டிகளில் இருக்கிறது. என் பெட்டியின் விலைக்கு அதெல்லாம் வராது. அந்த "நில்லு" வசதியையே அணைத்துவிட்டு, பையன் ஒயரைப் பிடுங்கி 30-ஆம் நம்பரில் செருகினேன். அதோடு சரியானது.

மடை திறந்து மூடுகிறவனுக்குத்தான் அந்தக் காலத்தில் மடையன் என்று பெயர் என்று எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ. மடையைத் திறக்கவும் தெரியாமல் மூடவும் தெரியாமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தன்தான்.

இப்போது நான்கு மாதமாக ஓடுகிறது. தாலி கட்டுகிற இடத்தில் தாலிதான் கட்டுகிறார்கள். டிவியில் செய்தி மட்டும் வருகிறது. பால் கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். புதிய கடவுச்சொல்லை மனைவி எங்கே எழுதி வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள், நான் எங்காவது உளறிவிடுவேனாம். காலியாக இருக்கிற ஓட்டைகளைப் பெட்டியின் உத்தரவுப் பக்கத்திலேயே அணைத்து வைத்தேன். அப்படியும் மனம் கேட்காமல் எட்டாவதன் மேல் ஒரு திருநீற்று மடலை மடித்து ஒட்டியிருக்கிறேன். பெட்டிக்குக் கீழே ஆணியில் ஒரு ஊக்கு தொங்குகிறது.

கம்பம் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை, தோட்டத்திலிருந்து பறித்த சூடு ஆறாமல் தருகிறேன். மாடிக்கும் போய்ப் பாருங்கள், சுருளி மலை நன்றாகத் தெரியும். போகிற வழியில் சிவப்பு டேப் சுற்றின ஒயர் ஒன்று தொங்கும். அது அநாதை இல்லை. தயவுசெய்து அதை எதிலும் செருகிவிடாதீர்கள்.